அதிரசம் ஏன் கரைகிறது, சீடை ஏன் வெடிக்கிறது?

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் தங்கை போன் செய்தாள். “அக்கா, அதிரசம் எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு பிரிஞ்சு போகுது. மாவைக் கொட்டிடவா?” கொட்டாதே என்றேன். அதிரச மாவு அவ்வளவு சுலபத்தில் வீணாகிவிடாது. ஈரம் எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பண்டிகைப் பலகாரங்களில் நான் பார்த்த தவறுகள் பலவற்றுக்கும் வேர் இந்த ஈரம்தான்.

அதிரசத்துக்கு ஈரம் வேண்டும். கடையில் வாங்கிய காய்ந்த அரிசி மாவில் செய்ய முயல்வதுதான் முதல் தவறு. மாவு பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் பரப்புங்கள். அரிசியை அள்ளினால் கை சில்லென்று இருக்க வேண்டும், தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்த நிலையிலேயே அரைத்துச் சலித்துவிட வேண்டும். அப்படி அரைத்த மாவைப் பிடித்தால் பிடிபடும், உதிர்த்தால் உதிரும். வெயிலில் போட்டு மொறுமொறுவென்று காயவைத்தால் மாவு வெல்லப் பாகை எல்லாம் குடித்துவிட்டு விறைத்து நிற்கும்.

அடுத்தது பாகு. இங்கேதான் பலருக்கும் கை நடுங்குகிறது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு அதில் பாகை ஒரு சொட்டு விடுங்கள். கரைந்து பரவினால் இன்னும் ஆகவில்லை. அடியில் தங்கி, விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். வெளியே எடுத்தால் லேசாகத் தளர வேண்டும். அதுதான் பதம். அந்த உருண்டையைத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வருகிறதா? பதம் தாண்டிவிட்டது, அது கடலை உருண்டைக்கான பாகு. தெர்மாமீட்டர் இருந்தால் 112 முதல் 116 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்துங்கள். இந்த இரண்டு பதத்துக்கும் நடுவே கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. தயவுசெய்து அப்போது அடுப்பை விட்டு நகராதீர்கள்.

அடுப்பை அணைத்துவிட்டு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். தளர்வாக இருக்கிறதே என்று பயந்து மேலும் மேலும் மாவைக் கொட்டுவது இன்னொரு தவறு. ஆறினால் தானாகவே இறுகும். மேலே நெய் தடவி, மூடி, ஒரு நாளாவது வைத்திருந்து சுட்டால்தான் அதிரசம் அதிரசமாக இருக்கும். முந்தின நாள் மாலையில் தொடங்கினால் இந்த ஒரு நாள் எங்கிருந்து கிடைக்கும்?

தங்கைக்குப் பாகு பதம் வரவில்லை. அரிசி மாவை ஒரு கைப்பிடி சேர்த்துப் பிசைந்து, ஒன்றே ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அதுவும் பிரிந்தால் இன்னும் கொஞ்சம் மாவு. பாகு முற்றி மாவு இறுகிப்போயிருந்தால் வெதுவெதுப்பான பாலை ஸ்பூன் ஸ்பூனாகத் தெளித்துப் பிசையலாம். ஆனால் பால் தெளித்த மாவை அன்றே சுட்டுவிட வேண்டும்.

சீடையில் கதை நேர்மாறு. இங்கே ஈரம் ஆபத்து. கோகுலாஷ்டமி சமயத்தில் சீடை வெடித்துக் கையிலும் முகத்திலும் எண்ணெய் தெறித்தவர்கள் பலர். உருண்டையின் மேல்பக்கம் இறுகிவிட, உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரிய இடம் தேடுகிறது. வழி இல்லாவிட்டால் வெடிக்கத்தான் செய்யும். அதனால் அரிசி மாவை லேசாக வறுத்து, உளுத்தம் மாவையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். கட்டி, உப்புக்கல் எதுவும் இருக்கக் கூடாது. தேங்காய் சேர்ப்பதானால் ஈரம் போக வறுத்துச் சேருங்கள். அழகாக, வழுவழுவென்று இறுக்கி உருட்டாதீர்கள். மேலே சின்னச் சின்ன விரிசல் இருப்பதே நல்லது. துணியில் கால் மணி நேரம் உலர்த்தி, ஊசியால் குத்திவிட்டு, முதலில் இரண்டு மூன்றை மட்டும் போட்டு, தள்ளி நின்று பாருங்கள். குழந்தைகளை அடுப்படியில் விடவே விடாதீர்கள்.

முறுக்குக்கு நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுத்தம் மாவு. வெண்ணெய் கூடினால் எண்ணெயில் உதிரும், குறைந்தால் பல்லை உடைக்கும். மொத்த மாவையும் ஒரே தடவையில் பிசைந்து வைத்தால் கடைசி ஈடு சிவந்துபோகும்; அவ்வப்போது பிசைந்துகொள்ளுங்கள். எண்ணெயின் சலசலப்பு அடங்கினால் எடுத்துவிடலாம்.

குலாப் ஜாமூனுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன்: தீயைக் கூட்டாதீர்கள். வெளியே கறுத்து உள்ளே மாவாகவே இருக்கும்.

அப்புறம் டப்பா. சூடு ஆறாத முறுக்கை மூடி வைத்தால் மூடியின் உட்புறம் முத்து முத்தாக வியர்க்கும், மறுநாள் முறுக்கு நமுத்துவிடும். தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டு எடுத்து வையுங்கள். ஏற்கெனவே நமுத்திருந்தால், வெறும் வாணலியைச் சூடாக்கி, தீயைக் குறைத்து, சில நிமிடம் புரட்டி எடுத்து ஆறவிடுங்கள். மொறுமொறுப்பு திரும்பி வரும்.