கேப்பர் மலையில் பழைய தோப்பு வீடு வாங்கப் போகிறீர்களா?

கடலூர் வண்டிப்பாளையம் தாண்டி மேடேறினால் மண்ணின் நிறமே மாறிவிடும். செக்கச் செவேலென்ற மண், முந்திரி, பலா, நடுவே எங்காவது ஒரு பழைய தோப்பு வீடு. மலை என்று பெயரே தவிர, கேப்பர் மலை ஒரு செம்மண் மேடுதான். ஆனாலும் சாயங்காலக் காற்றில் அந்தத் திண்ணையில் ஒரு முறை உட்கார்ந்தால், அட்வான்ஸ் கொடுக்கக் கை பரபரக்கும். முதல் தவறு அங்கேதான் நடக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். இந்த மண்ணில் மழைத்தண்ணீர் ஓடும் வழியெல்லாம் பள்ளம் பறித்துக்கொண்டே போகும். என் மாமா கோடையில் பார்த்து வாங்கிய தோப்பில், வேலியோரம் முழங்கால் ஆழமே இருந்த ஓடை மூன்று மழைக்காலத்தில் ஆள் உயரம் ஆகிவிட்டது. இரண்டு முந்திரி மரங்கள் வேர் வெளியே தொங்க அந்தரத்தில் நின்றன. வரப்பு போட்டு, ஓரமாக வெட்டிவேர் நட்ட பிறகுதான் அரிப்பு அடங்கியது. பத்திரத்தில் உள்ள பரப்பில் எவ்வளவு ஓடைக்குப் போயிருக்கிறது என்பதைச் சர்வேயரை வைத்து அளந்து பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

அளவிலும் ஒரு குழப்பம் உண்டு. இங்கே பெரியவர்கள் இன்னும் காணிக் கணக்கில்தான் பேசுவார்கள். 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, 100 குழி ஒரு காணி, அதாவது 132 சென்ட். தஞ்சாவூர்ப் பக்கம் குழி என்றால் 144 சதுர அடிதான். அக்ரிமென்ட்டில் சென்ட் கணக்கில் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் பத்திரம். “வில்லங்கம் சுத்தம் சார்” என்று புரோக்கர் நீட்டும் தாள் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையது. நூறு வருஷ வீட்டுக்கு அது போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து அதற்கு முந்தைய காலத்துக்கும் தேடச் சொல்லுங்கள், மூலப்பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகள் அத்தனை பேரும் வர வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்களின் கையெழுத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இந்துக் குடும்பங்களில், 1989-இலேயே தமிழ்நாட்டில் அப்போது மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துவிட்டது, 2005-இல் மணமானவர்களையும் சேர்த்து நாடு முழுவதற்கும் சட்டமே வந்துவிட்டது.

கோயில் நிலமா, பஞ்சமி நிலமா என்பதை கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் பார்த்துவிடுங்கள். பஞ்சமி நிலம் 1892-க்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. கைமாறிக் கைமாறி வந்திருந்தாலும், எவ்வளவு மலிவாக வந்தாலும், அதைத் தொடாதீர்கள். அது அவர்களுடைய மண்.

வண்டி போகும் பாதை புலப்படத்தில், அதாவது சர்வே வரைபடத்தில், இருக்கிறதா என்றும் பாருங்கள். “எல்லாரும் இப்படித்தான் போறாங்க” என்ற வாய்ச்சொல் பக்கத்துத் தோப்பு கைமாறும் வரைதான் செல்லும்.

கதைக்குக் காசு கொடுப்பது இன்னொரு தவறு. இந்த மேட்டில்தான் கடலூர் மத்தியச் சிறை இருக்கிறது. 1918-இல் பாரதியார் அடைபட்டிருந்த சிறை அது. அதனால் பக்கத்தில் உள்ள பழைய வீடெல்லாம் ‘வெள்ளைக்காரன் பங்களா’ ஆகிவிடுகிறது. பத்திரத்தில் எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள். மரத்துக்கும் இதே பேச்சுதான். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. ‘ஐம்பது வருஷத் தோப்பு’ என்று யாராவது சொன்னால், மரத்தின் அடி பருமனைக் கட்டிப்பிடித்துப் பாருங்கள்.

வீட்டுக்குள் போனதும் தரையைப் பார்க்காதீர்கள், அண்ணாந்து பாருங்கள். மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால், உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல தேக்கில் நுனிகூட இறங்காது. கரையான் தின்றிருந்தால் பொரை பிஸ்கட் போல உள்ளே போகும். மாமா வீட்டில் ஒன்பது உத்திரங்களில் இரண்டு அப்படித்தான் போனது. மேலே புதுப் பெயின்ட் மினுமினுத்தது. சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் சிமென்ட் பூசியிருந்தாலும் கவனியுங்கள், உள்ளே ஈரம் அடைபட்டுச் செங்கல் உதிரும். புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலத்து வீடுகளைப் பழுதுபார்த்த கொத்தனார்கள் இருக்கிறார்கள். அட்வான்ஸுக்கு முன்பே ஒருவரை ஒருநாள் கூலி கொடுத்துக் கூட்டி வாருங்கள். சுவரைத் தட்டிப் பார்த்தே எங்கே பொக்கை என்று சொல்லிவிடுவார்.