நர்ஸ் பிள்ளைங்களுக்கு தொற்றுத் தடுப்பு சொல்லிக்குடுக்கறப்ப நாம பண்ற தப்புங்க

கும்பகோணம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், புதுசா சேர்ற பிள்ளைங்களுக்கு இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் ட்ரெயினிங் குடுக்கறதும் என் பொறுப்புதான். மாயவரம், திருவாரூர், மன்னார்குடின்னு சுத்துவட்டாரத்துல ஜிஎன்எம், பிஎஸ்சின்னு நர்ஸிங் படிப்பு முடிச்சிட்டு வர்ற பிள்ளைங்க, படிச்சதெல்லாம் நல்லாவே தெரியும் அதுங்களுக்கு. அப்பறமும் வார்டுல தொற்று வருதுன்னா சொல்லிக்குடுக்கற நம்ம பக்கம் எங்க ஓட்டைன்னு பாக்கணும்ல, அதுக்குத்தான் இத எழுதறேன்.

முதல் தப்பு, ட்ரெயினிங்க மீட்டிங் ஹால்ல முடிச்சிடறது. ரெண்டு மணி நேரம் புரொஜெக்டர், டீ, ரெஜிஸ்டர்ல கையெழுத்து, முடிஞ்சுது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பண்ணேன். கை சுத்தம் பண்ண உலக சுகாதார நிறுவனம் சொல்ற அஞ்சு தருணத்தையும் பிள்ளைங்க மனப்பாடமா ஒப்பிக்கும், அதாவது பேஷண்டைத் தொடறதுக்கு முன்னாடி, ஊசி டிரெஸ்ஸிங் மாதிரி சுத்தமா செய்ய வேண்டிய வேலைக்கு முன்னாடி, ரத்தம் சிறுநீர் பட்டதுக்கு அப்பறம், பேஷண்டைத் தொட்டதுக்கு அப்பறம், அவங்க கட்டில் ஸ்டாண்டைத் தொட்டதுக்கு அப்பறம். மறுநாள் காலைல பாத்தா அதே பிள்ளை ஒண்ணாம் பெட்டுலேருந்து ஆறாம் பெட்டு வரைக்கும் கை தேய்க்காமயே பிபி பாத்துக்கிட்டு போவுது. ஏன்டா தங்கம்னு கேட்டேன், "ஸ்டெரிலியம் பாட்டில் நர்ஸிங் ஸ்டேஷன்ல இருக்குக்கா, ஒவ்வொரு தடவையும் போய்ட்டு வந்தா ரவுண்ட்ஸுக்குள்ள முடிக்க முடியாதுக்கா"ன்னு சொல்லுச்சு. ஸ்டெரிலியம்னா கையில தேய்க்கற ஆல்கஹால் மருந்து, ஹேண்ட் ரப்புன்னும் சொல்வோம். பிள்ளை சொன்னது நூத்துக்கு நூறு சரி. அன்னைக்கே கட்டிலுக்கு ஒரு பாட்டில் மாட்ட கேட்டு வாங்கினோம், ட்ரெயினிங்கும் கட்டில் பக்கத்துல கால் மணி நேரம்னு மாத்திட்டேன். அஞ்சுல கடைசி தருணம்தான் ரொம்ப விட்டுப்போவுது, பேஷண்டைத் தொடலையே டிரிப்பை மட்டும்தானே சரி பண்ணேன்னு நெனச்சிட்டு அப்படியே அடுத்த கட்டிலுக்குப் போயிடறாங்க.

நேரக் கணக்கையும் வாயால சொன்னா ஏறாது, வாட்ச் வெச்சு செய்ய விடுங்க. ஹேண்ட் ரப்னா 20லேருந்து 30 செகண்ட், சோப்பு தண்ணின்னா 40லேருந்து 60 செகண்ட். கையில அழுக்கோ ரத்தமோ கண்ணுக்குத் தெரிஞ்சா, இல்ல பேதி ஆவற பேஷண்ட்னா, சோப்பு தண்ணிதான். பேதிக்குக் காரணமான சில கிருமியோட வித்து ஆல்கஹாலுக்கு சாவாது. கழுவிட்டு எல்லாரும் ஒரே துண்டுல தொடச்சா கழுவினதே வீண், வாஷ்பேசின்ல அந்தத் துண்டு தொங்குதான்னு பாருங்க.

அடுத்தது கிளவுஸ். கொரோனாவுக்கு அப்பறம் கிளவுஸ் போட்டா கை சுத்தம்ங்கற நெனப்பு ரொம்ப ஊறிப்போச்சு. கிளவுஸ் மாட்டறதுக்கு முன்னாடியும் கை சுத்தம் பண்ணணும் கழட்டினதுக்கு அப்பறமும் பண்ணணும், அத ஆயிரம் தடவ சொல்றதவிட நான் ஒண்ணு செய்யறேன், பொம்மை கை வெச்சு பழகறப்ப பிள்ளை போட்டிருக்கற கிளவுஸ் விரல்ல கொஞ்சம் குங்குமத்தைத் தடவிட்டு வழக்கம்போல வேலை பாருன்னு விட்டுடுவேன். அஞ்சு நிமிஷத்துல கேஸ் ஷீட்டு, பேனா, செல்போன், வென்ஃப்ளான் (டிரிப் ஏத்த நரம்புல போடற சின்ன குழாய்) மூடி, அதோட நெத்தியில விழுந்த முடின்னு எல்லாத்துலயும் செகப்பு இருக்கும். அதுக்கப்பறம் நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்ல, பிள்ளைங்க தானா புரிஞ்சுக்கும்.

இன்னொண்ணு எனக்கு ரொம்ப லேட்டா புரிஞ்சுது. வென்ஃப்ளான் போடறது, யூரின் டியூப் போடறதுன்னு போடறதுக்கு மட்டும்தான் சொல்லிக்குடுக்கறோம், போட்டத பாத்துக்கறதுக்கும் எடுக்கறதுக்கும் யாரும் சொல்லிக்குடுக்கறதில்ல. டியூப் எத்தனை நாள் கூடுதலா இருக்கோ அத்தனைக்கு தொற்று வர வாய்ப்பு கூடுது. அதனால காலைல டூட்டி மாத்திக்குடுக்கற ஹேண்ட் ஓவர்லயே "இது இன்னும் வேணுமா"ன்னு ஒவ்வொரு டியூபுக்கும் டாக்டர்கிட்ட கேக்கப் பழக்குங்க, நர்ஸ் கேட்டா தப்பா நெனப்பாங்களோன்னு பயப்படற பிள்ளைங்கதான் அதிகம். சிறுநீர் சேர்ற பை, அதான் யூரோபேக், எப்பவும் சிறுநீர்ப்பைக்குக் கீழதான் இருக்கணும் ஆனா தரையில படக்கூடாது, ஸ்கேனுக்கு தள்ளிட்டுப் போறப்ப பேஷண்ட் வயித்து மேல தூக்கி வெச்சிடறாங்க, பையில இருக்கறது திரும்ப உள்ள போவும். மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி வென்ஃப்ளான் வாயை ஸ்பிரிட் பஞ்சால 15 செகண்ட் அழுத்தித் தேய்ச்சு காய விடணும், காயறதுதான் முக்கியம்.

எந்த ஆஸ்பத்திரி கழிவ எந்தக் கலர் பக்கெட்ல போடணும்ங்கறதெல்லாம் பிள்ளைங்களுக்கு அத்துபடி, அதுலயே ஒரு மணி நேரத்தைப் போக்காதீங்க.

திட்டறது. இதப் பத்தி கொஞ்சம் சொல்லணும். நான் சேந்த புதுசுல, அது வேற ஆஸ்பத்திரி, ஊசிக்கு மூடி போடறப்ப விரல்ல குத்திக்கிட்டேன். அதுக்கு முந்தின வாரம்தான் இன்னொரு பொண்ண இதே விஷயத்துக்கு பேஷண்ட் சொந்தக்காரங்க முன்னாடி இன்சார்ஜ் சிஸ்டர் அழ வெச்சிருந்தாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. பல மாசம் தூக்கம் இல்ல, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் உசுரே போவும். அந்தப் பயம் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாதுன்னு இன்னைக்கும் மொத நாளே சொல்லிடுவேன், குத்திடுச்சுன்னா பிதுக்காத, சோப்பு தண்ணில கழுவு, உடனே என்னைக் கூப்பிடு, நடுராத்திரியா இருந்தாலும் சரி. எச்ஐவி தடுப்பு மாத்திரை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, 72 மணி நேரம் தாண்டிட்டா பிரயோஜனமில்ல. மறைக்கற பிள்ளைக்கு அந்த நேரம்தான் போயிடுது.

நம்ம ஊர்ப்பக்கம் பேஷண்டோட வர்றவங்கள விட்டுட்டு ட்ரெயினிங் குடுக்கறதும் தப்புதான். வைத்தீஸ்வரன்கோயில் விபூதி வரும், வேளாங்கண்ணி எண்ணெய் வரும், நாகூர்லேருந்து கயிறு வரும், எல்லாம் பாசத்துல கொண்டு வர்றது. அத ஆபரேஷன் புண்ணுலயும் பச்சப்புள்ள தொப்புள்லயும் தடவிடுவாங்க. "இதெல்லாம் கூடாது"ன்னு பிள்ளை வெடுக்குன்னு சொன்னா நாம போனதும் தடவுவாங்க. "அம்மா, நெத்தியில வெச்சு விடுங்க, புண்ணு மட்டும் காஞ்சு இருக்கட்டும், நீங்களும் கையில இந்த மருந்தைத் தேய்ச்சிட்டுத் தொடுங்க"ன்னு சொல்லிப் பாருங்க, கேப்பாங்க. ஹவுஸ் கீப்பிங் அக்காங்களயும் அதே ட்ரெயினிங்ல உக்கார வைங்க, கிருமி சாக துடைக்கற ஹைப்போகுளோரைட்ட தெனம் புதுசா கலக்கணும்னு அவங்களுக்கு யாரு சொல்றது?

கடைசியா மேனேஜ்மென்ட்டுக்கு. உலக சுகாதார நிறுவனம் 2022ல வெளியிட்ட அறிக்கைப்படி நம்மள மாதிரி நாடுங்கள்ல ஆஸ்பத்திரில படுக்கற 100 பேர்ல சுமார் 15 பேருக்கு அங்கயே ஒரு தொற்றாவது வருது, பணக்கார நாடுங்கள்ல 7 பேர். நைட் டூட்டில ஒரு பிள்ளைக்கு இருபது கட்டிலக் குடுத்துட்டு அது கை தேய்க்கலன்னு மெமோ குடுக்காதீங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்கு, எல்லா பேஷண்டுக்கும் ஊசி, டெம்பரேச்சர், யூரின் அளவுன்னு ஒண்ணா வந்து நிக்கற நேரத்துல, ஒரு நாள் வார்டுக்கு வந்து அந்தப் பிள்ளை கூட நின்னு பாருங்க.