கொட்டாங்குச்சியில ஒரே கையால சாப்பிடுற ஸ்பூன் செய்றது எப்படி (அள்ள, குத்த, வெட்ட எல்லாத்துக்கும் ஒண்ணே)

போன வருஷம் அம்மாவுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் மாவுக்கட்டு. இடது கையால சோத்தைத் தொட மாட்டாங்க, ஊட்டி விட்டா ரெண்டு வாய்க்கு மேல வேணாம்னுடுவாங்க. ஸ்பூன் கொடுத்தேன், ரசஞ்சாதம் பிரச்சனை இல்ல, ஆனா இட்லியை வெட்டப் போனா தட்டு முழுக்க நகர்ந்து ஓடுது, தோசையை ஒரு கையால பிய்க்கவே முடியல. நான் பக்கத்துல உக்காந்து பிச்சுப் பிச்சுப் போட்டேன், அவங்க ஒண்ணும் சொல்லல, ஆனா தோசை வேணாம், கஞ்சி போதும்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. அதான் எனக்குத் தாங்கல.

தேடிப் பாத்தா இது பழைய பிரச்சனைதான். இங்கிலாந்து கடற்படைத் தளபதி நெல்சனுக்கு 1797-ல டெனரீஃப் சண்டையில வலது கை போயிடுச்சு, அதுக்கப்புறம் கத்தியும் ஃபோர்க்கும் ஒண்ணாச் சேர்ந்த ஒரு சாமான் வெச்சு இடது கையாலயே சாப்பிட்டிருக்கார், அந்த மாதிரி கத்திக்கு இன்னைக்கும் நெல்சன் கத்தின்னுதான் பேரு. 1874-ல அமெரிக்காவுல சாமுவேல் ஃபிரான்சிஸ்ங்கறவர் ஸ்பூன், ஃபோர்க், கத்தி மூணையும் சேர்த்துப் பேட்டன்ட் வாங்கினார். 1940கள்ல சிட்னியில வில்லியம் மெக்கார்தர் ஸ்ப்ளேட்னு ஒண்ணு பண்ணார், ஸ்பூன் குழி, நுனியில பல்லு, ஓரத்துல வெட்டுற விளிம்பு. ஸ்போர்க்ல ஸ்பூனும் ஃபோர்க்கும் மட்டும்தான், நமக்கு வேண்டியது வெட்டுற விளிம்பு, அதனால நான் ஸ்ப்ளேட் பக்கம் போனேன்.

ஆன்லைன்ல ஸ்டீல்ல ஒண்ணு வாங்கினேன், சரிப்படல, ஏன்னு கீழ சொல்றேன். நமக்கு இங்க பொள்ளாச்சிப் பக்கம் கொட்டாங்குச்சிக்குப் பஞ்சமா, குழி ஏற்கெனவே இயற்கையா இருக்கு, மரத்துல குடையுற வேலையே மிச்சம். (திருநெல்வேலி, நாகர்கோவில்காரங்க சிரட்டைன்னு படிச்சுக்கோங்க.)

தேவையானது

நல்லா முத்தின தேங்காயோட ஓடு, ஒரு விரல் தடிமன் கல்மூங்கில் குச்சி, ஆக்ஸா பிளேடு, தட்டை அரம் ஒண்ணு, சின்ன ஊசி அரம் செட், 3 மில்லிமீட்டர் டிரில் பிட், உப்புத்தாள் 80, 120, 220, 400 நம்பர். கிரைண்டர் மெஷின் வேண்டவே வேண்டாம், வேகமாத்தான் இருக்கும், ஆனா ஓடு கருகி நாத்தம் வரும், ஒரு செகண்ட்ல பல்லு போயிடும். காசு போடணும்னா நல்ல அரத்துல போடுங்க. மாஸ்க் கட்டாயம், ஓட்டுத் தூள் ரொம்ப நைஸு, மூச்சுல போனா இருமல் நிக்காது.

1. ஓடு தேர்வு

எளநி ஓடு ஆகாது, மெல்லிசா இருக்கும். 4 மில்லிமீட்டராவது தடிமன் இருக்கணும். கண்ணு இருக்குற பாதி வேண்டாம், அடிப்பக்கத்துப் பாதியை எடுங்க, அதுலயும் மேல ஓடுற மூணு வரம்பையும் விட்டுட்டு நடுவுல இருக்குற வழுவழு பாகம். ராத்திரி தண்ணியில போட்டுட்டா நாரும் சுலபமாச் சுரண்டிடலாம், அறுக்கும்போது தூளும் கம்மி.

2. வரைஞ்சு அறுக்குறது

அட்டையில வெட்டி வெச்சு வரையுங்க. குழி 6 சென்டிமீட்டர் நீளம், 4 அகலம், பின்னாடி கைப்பிடிக்குள்ள போறதுக்கு 2 சென்டிமீட்டர் வால். அகலம் 4-ஐத் தாண்டினா வாய்க்குள்ள போகாது. துணி சுத்திக் கிளாம்ப்ல மெதுவாப் பிடிச்சு, கோட்டுக்கு வெளிய அறுத்து, மிச்சத்தை அரத்துல எடுங்க.

3. வெட்டுற விளிம்பு எந்தப் பக்கம்?

இங்கதான் எனக்கு ரெண்டு ஸ்பூன் வீணாச்சு. கேக் சாப்பிடுற சின்ன ஃபோர்க் பாத்திருப்பீங்க, அதுல இடது ஓரத்துப் பல்லு மட்டும் அகலமா இருக்கும், அதுதான் வெட்டுறதுக்கு. நான் வாங்கின ஸ்டீலும் அப்படித்தான், நானும் அதைப் பாத்து இடது பக்கமே விளிம்பு வெச்சேன். அம்மா தோசையை வெட்டணும்னா முழங்கையைத் தூக்கி மணிக்கட்டை வெளிப்பக்கமாத் திருப்ப வேண்டியிருந்துச்சு, கை வலி, குழியில இருந்த சட்னி மடியில கொட்டிடுச்சு. ரெண்டாவதையும் அதே மாதிரி செஞ்சுட்டு, பழக்கமில்லாத கைதானேன்னு நினைச்சேன். மூணாவது நாள் நானே இடது கையில பிடிச்சு இட்லியை வெட்டிப் பாத்தப்பதான் உறைச்சது, கடையில விக்கிறது வலது கைக்காரங்களுக்கு. கை இயல்பாத் திரும்புறது உள்பக்கமா, கட்டைவிரல் கீழ போற மாதிரி. அதனால கட்டைவிரல் இருக்குற பக்கம்தான் விளிம்பு. வலது கைன்னா இடது ஓரம், இடது கைன்னா வலது ஓரம். அரத்தை எடுக்குறதுக்கு முன்னாடி சாப்பிடப் போறவங்க கையில அட்டை டெம்ப்ளேட்டைக் கொடுத்து, வெட்டுற மாதிரி செய்யச் சொல்லி, கீழ போற ஓரத்துல பேனாவால கோடு போட்டுக்கோங்க.

விளிம்பை நேர்கோடா வெக்காதீங்க, லேசா வெளிய வளைஞ்சு இருந்தா அமுக்கி ஆட்டினாலே தோசை அறுந்துடும், இழுக்க வேண்டியதில்ல. சரிவை அடிப்பக்கம் மட்டும் போடுங்க, கடைசித் தடிமன் 1 மில்லிமீட்டர், முனை மழுங்கி இருக்கணும். கத்தி மாதிரி கூர் வந்துச்சுன்னா உதட்டைக் கிழிக்கும், உங்க உதட்டுல ஓட்டிப் பாத்துட்டுக் கொடுங்க.

4. பல்லு

மூணு பல்லு, ரெண்டு சந்து. முதல்ல சந்தோட அடியில டிரில் பண்ணுங்க, அப்புறம்தான் நுனியில இருந்து அந்த ஓட்டை வரைக்கும் அறுக்கணும். நேரா அறுத்துட்டு விட்டா அடியில கூர் மூலை நிக்கும், அழுத்தமெல்லாம் அந்த இடத்துல சேர்ந்து விரிசல் ஓடும். உருண்டையா இருந்தா ஓடாது. சந்து ஆழம் 8 மில்லிமீட்டர் போதும். அதுக்கு மேல போனா ரசம் ஒழுகும், கம்மியானா இட்லியில குத்தாது, நான் 12, 5 ரெண்டும் பாத்துட்டுதான் இதுக்கு வந்தேன்.

5. கைப்பிடி

14 சென்டிமீட்டர் மூங்கில், நல்லாத் தடிமனா. பழக்கமில்லாத கைக்குச் சன்னமான பிடி நழுவும். கல்மூங்கில் உள்ள கிட்டத்தட்ட கெட்டியா இருக்கும், அதான் அது வேணும்ங்கறேன். நுனியில 2 சென்டிமீட்டர் பிளவு அறுத்து வாலைச் செருகி, ரெண்டு ஓட்டை போட்டு மூங்கில் ஆப்பு அடிச்சுடுங்க. பசை ஒட்டாதீங்க, சூடான சாம்பார்ல போற சாமானுக்கு எனக்கு மனசு வரல. செம்புக் கம்பியும் வேண்டாம், புளியும் செம்பும் சேராது.

6. தேய்ச்சு எண்ணெய்

உப்புத்தாள் 80-ல ஆரம்பிச்சு 400 வரைக்கும். எண்ணெய்க்கு நான் சாப்பிடுற தர ஆளி விதை எண்ணெய்தான் போடுவேன், அது காத்துல காய்ஞ்சு கெட்டிப்படும், தேங்காய் எண்ணெய் அப்படிக் காயாது, பிசுபிசுன்னே இருக்கும். பெயின்ட் கடையில விக்கிற ஆளி விதை எண்ணெயில சீக்கிரம் காயறதுக்கு உலோக உப்பு கலப்பாங்க, அதை வாயில வெக்கிற சாமானுக்குத் தொடவே கூடாது. மூணு தடவை மெல்லிசாத் தடவி, ஒவ்வொரு தடவையும் நல்லாக் காய விடுங்க. துடைச்ச துணியைச் சுருட்டிக் குப்பையில போடாதீங்க, தானா சூடேறித் தீப்பிடிக்கும், விரிச்சுக் காய வெச்சுட்டு அப்புறம் போடுங்க.

சேர்த்தது: சந்துல சோத்துப் பருக்கை மாட்டிக்கிட்டுப் பூசணம் பூக்குதுன்னு மூணு பேர் கமென்ட்ல எழுதியிருந்தாங்க. ஆக்ஸா பிளேடு அறுத்த சந்தை அப்படியே விட்டிருக்கீங்க, அது 1 மில்லிமீட்டர்தான், ஊசி அரம் விட்டு 3 ஆக்குங்க, பிரஷ் உள்ள போகணும். இதை நான் எழுதாம விட்டது தப்பு.

இன்னொண்ணு: ஆப்பு ஆடுதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். பச்சை மூங்கில்ல ஆப்பு சீவினா காய்ஞ்சதும் சுருங்கிடும், ஒரு வாரம் நிழல்ல காய்ஞ்ச மூங்கில்ல சீவுங்க. கழுவினதும் சிங்க்ல ஊற விடாம துடைச்சு நிமிர்த்தி வைங்க. அம்மாவோடது அடுப்பு மேடையில கரண்டி டப்பாவுல இருக்கு, கட்டுப் பிரிச்சு எட்டு மாசம் ஆச்சு, இன்னமும் பொங்கலுக்கு மட்டும் அதைத்தான் எடுக்குறாங்க, இடது கையில.