கூட்டமாக சைக்கிள் ஓட்டப் போகிறீர்களா?

நிதி திரட்டும் நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்றா? சரி, தூரத்தை வாரத்துக்கு 10 சதவீதம் போலக் கூட்டுங்கள், முழங்கால் தாங்கும். தனியாகவே ஓட்டிப் பழகியவர்களுக்குக் கூட்டம்தான் உண்மையான சவால். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரத்தை நுழைக்கவே கூடாது. அவர் லேசாக விலகினாலும் சக்கரங்கள் உரசும். விழுவது பெரும்பாலும் பின்னால் வருபவர்தான். ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள். சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள். பள்ளமோ மணலோ தெரிந்தால் கை காட்டி, குரலும் கொடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து மணலில் டயர் வழுக்கும். விடியுமுன் கிளம்புவதால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, தலையில் ஹெல்மெட் கட்டாயம். அப்புறம், சென்னைப் புழுக்கத்தில் வெறும் தண்ணீர் போதாது; உப்பு போட்ட மோரோ எலுமிச்சை ஜூஸோ ஒரு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.