'ஆஃபபிள்' என்ற சொல்லை யாருக்குச் சொல்லலாம்?

ஆங்கிலத்தில் ஒருவரைப் பாராட்ட வேண்டுமென்றால் 'ஃப்ரெண்ட்லி' என்போம், அப்புறம் 'நைஸ்', அதோடு கையிருப்பு தீர்ந்துவிடும். இன்னொரு நல்ல சொல் இருக்கிறது, பழகிக்கொள்ளுங்கள்: ஆஃபபிள். எழுத்துகள் ஏ, இரண்டு எஃப், மறுபடி ஏ, பி, எல், இ. அழுத்தம் முதல் அசையில்தான். கடைசியில் இருப்பதைப் பார்த்துவிட்டு 'அஃபேபிள்' என்று இழுக்க வேண்டாம், நடு ஏ காதில் விழுந்தும் விழாமலும் ஓடிவிட வேண்டும்.

லத்தீனில் இதன் மூலச்சொல்லுக்கு 'பேச எளியவர்' என்று பொருள், உள்ளே இருப்பது பேசுவதைக் குறிக்கும் வினை. கைக்குழந்தையைச் சொல்லும் 'இன்ஃபன்ட்' கூட அதே வேரில் வந்ததுதான், பேச்சு வராதது என்று. இரங்கல் சுவரொட்டிகளில் 'பழக இனியவர், காட்சிக்கு எளியவர்' என்று போடுவார்களே, அந்த இடம்தான் ஆஃபபிளுக்கும்.

அம்மாவின் பென்ஷன் வேலையாக ஒரு வங்கிக்குப் போயிருந்தோம். மேனேஜர் அறைக்குள் நுழையவே அம்மாவுக்குத் தயக்கம், பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அந்த மனிதர் கையில் இருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு "உட்காருங்கம்மா, எந்த ஊரு?" என்று கேட்டார், இரண்டே நிமிடத்தில் அம்மா ஊர்க் குளம் வற்றிய கதை வரை போய்விட்டார். ஒரு தாள் குறைந்ததால் வேலை அன்றைக்கு முடியவில்லை, அது வேறு. ஆனால் அவர் ஆஃபபிள். நமக்காக அவர் என்ன செய்தார் என்பதை இந்தச் சொல் கணக்கில் எடுப்பதில்லை, அவரிடம் வாய் திறக்கப் பயமில்லை என்பதை மட்டும் சொல்கிறது. உதவி செய்தவரைக் 'கைண்ட்' என்று சொல்லுங்கள், கூட்டத்தைத் தேடிப் போகிறவர் 'சோஷியபிள்'.

அதனால் மேலதிகாரி, டாக்டர், பேராசிரியர், வீட்டுக்கு அழைத்து உபசரிப்பவர் என்று, கொஞ்சம் தள்ளி நின்று பேச வேண்டியிருக்குமோ என்று நாம் நினைக்கும் ஆட்களிடத்தில் இது அழகாக உட்காரும். சிபாரிசுக் கடிதத்தில் 'ஷீ இஸ் ஆன் ஆஃபபிள் டீச்சர்' என்று எழுதிப் பாருங்கள், முன்னால் 'ஆன்' வருவதைக் கவனியுங்கள். ஆளுக்கு மட்டுமில்லை, புன்னகைக்கும் பேசும் தோரணைக்கும் சொல்லலாம். வீடு, ஊர், வேலை இவற்றுக்கு ஒட்டாது. பேச்சை விட எழுத்தில்தான் அதிகம் வரும் சொல் என்பதால் நண்பனிடம் வாட்ஸ்அப்பில் போட்டால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அங்கே 'ஃப்ரெண்ட்லி' போதும்.

பக்கத்தில் இருக்கும் இரண்டு சொற்களில் நிறையப் பேர் இடறுகிறார்கள். 'ஏமியபிள்' நல்ல சுபாவக்காரருக்கு. 'ஆமிகபிள்' பெரும்பாலும் இரு தரப்புக்கு நடுவே நடப்பதற்கு, சண்டையில்லாமல் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள் என்றால் அந்தப் பாகப்பிரிவினை ஆமிகபிள்.