கார்புரேட்டரை மாற்றினாலும் பழைய பம்பைக் கழற்றாதீர்கள்

பழைய அம்பாசிடரையோ பத்மினியையோ, கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றுகிறவர்கள், இன்ஜினில் இருக்கிற மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பைக் கழற்றிப் போட வேண்டாம். அதை வைத்தே ஒன்றரை லிட்டர் சர்ஜ் டேங்க் (இடையில் பெட்ரோலைத் தேக்கி வைக்கும் சிறு டேங்க்) ஒன்றை நிரப்பிக்கொண்டு, அதிலிருந்து ஹை பிரஷர் பம்ப் எடுக்கும்படி செய்யுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கி, வெட்டி, உள்ளே தடுப்பு வைத்து வெல்டு செய்யும் செலவும் ஆபத்தும் மிச்சம்.

பழைய டேங்கில் தடுப்பு சரியாக இருக்காது. பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோலைத் தேக்கி வைத்திருக்கும் மிதவைக் கிண்ணம் அதைச் சமாளித்துவிடும். சுமார் 3 பார் அழுத்தம் கேட்கிற இன்ஜெக்டரோ உடனே திணறும். அந்தக் கிண்ணத்தின் வேலையைத்தான் சர்ஜ் டேங்க் செய்கிறது. அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரிலிருந்து திரும்பும் பெட்ரோலை சர்ஜ் டேங்குக்கும், அதன் மேல்வாயில் வழிவதை மெயின் டேங்குக்கும் விடுங்கள். அழுத்தம் உள்ள பக்கம் இன்ஜெக்‌ஷனுக்கான ஓஸ்தான் போட வேண்டும், இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. சர்ஜ் டேங்கை சைலன்சர் பைப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பெட்ரோல் சூடாக நம்ம ஊர் சித்திரை வெயிலே போதும்.

இதைச் செய்யும் முன் பழைய பம்ப் நன்றாக இருக்கிறதா என்று அறிய, இன்ஜின் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, அளவும் ஏறியிருந்தால் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. புது டயாஃப்ரம் போட்ட பிறகே இந்த வழி சரிவரும். தடுப்போடு கூடிய புது டேங்க், உள்ளேயே பம்ப் என்று ஏற்கெனவே மாற்றியவர்களுக்கு இது தேவையில்லை.