கேத்தலின் அடியைப் பார்த்து மீன் வாங்குங்கள்

தொட்டிக்குப் புது மீன் எடுக்கப் போகும் முன்னர், வீட்டுக் கேத்தலைத் திறந்து அடியைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்புப் படை பிடித்திருக்கிறதா? அப்படியென்றால் உங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினநீர். வன்னியில் பல கிணறுகள் அப்படித்தான். கப்பி, மொலி, பிளாட்டி இந்தத் தண்ணீரில் நன்றாக வாழும், ஒன்றோடொன்று ஒத்தும் போகும். ஒரு ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் என்று எடுங்கள். இல்லாவிட்டால் ஆண்கள் துரத்தியே பெண்மீன் களைத்துவிடும். நியோன் டெட்ரா, டிஸ்கஸ் எல்லாம் அமேசன் பக்கத்து மென்னீர் மீன்கள். அழகுக்கு ஆசைப்பட்டு அவற்றை இங்கே வதைக்க வேண்டாம்.

அப்புறம், வாயளவு. கடையில் இரண்டு ரூபாய்க் குற்றி அளவில் நிற்கும் ஏஞ்சல் மீன் குஞ்சு வளர்ந்தால் 15 சென்ரிமீற்றர் வரை போகும். என் தொட்டியில் ஒருநாள் காலையில் பார்த்தேன், ஏஞ்சலின் வாயோரம் கப்பிக் குஞ்சின் வால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வாய்க்குள் அடங்குவதை மீன் விட்டு வைக்காது.

டைகர் பாப் நீண்ட செட்டையைக் கண்டால் கொத்திக் கிழிக்கும். கப்பி, ஏஞ்சல் உள்ள தொட்டிக்கு அது வேண்டவே வேண்டாம். கோல்ட் ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், அழுக்கும் கூட. அதற்குத் தனித் தொட்டிதான் சரி.

வாங்கி வந்ததை இரண்டு கிழமையாவது வேறு தொட்டியில் வைத்துப் பாருங்கள். உப்புத் தூவியது போல உடம்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பெரிய தொட்டிக்குள் விடாதீர்கள். பையில் வந்த தண்ணீரையும் ஊற்றாமல், வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள்.